நகரத்து ஏழையும் நமது சங்கமும்

கூட்டுறவு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது கிராமமே. தறியும் ஏரும், நெசவாளர் சங்கமும் விவசாயக் கடன் சங்கமும், நூல் கொள்முதலும் உர விநியோகமுமே நமது பேச்சிலும் எழுத்திலும் பெரிதும் இடம்பெறுகின்றன. நகரத்திலே வாழும் ஏழையைப் பற்றி நமது மகாசபைகளில் பேச்சு எழுவதே அரிது. அது நகராட்சி பார்க்கவேண்டிய காரியம், அரசாங்கம் கவனிக்கவேண்டிய காரியம், நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கருதுவோர் பலர். இக்கருத்து சரியன்று என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடர்பு இல்லை என்று எவ்வாறு கூறுவது? 2011ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். இவர்கள் அனைவரும் நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர் அல்லர். மழை பொய்த்த ஆண்டிலும் தறி நின்ற மாதத்திலும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்ட குடும்பங்கள் அவற்றுள் பல. பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் சென்றவரும், கட்டட வேலைக்குச் சென்னை சென்றவரும், மில் வேலை தேடிக் கோயம்புத்தூர் சென்றவரும் யார்? நமது அங்கத்தினர்களின் பிள்ளைகளும் மருமக்களும் ஆவர். சில இடங்களில் அங்கத்தினர்களே ஆவர்.

ஊரில் இருந்தவரையில் அவர் பங்குத் தொகை செலுத்திய மனிதர். மகாசபையிலே கைதூக்கி வாக்களிக்கும் உரிமை பெற்றவர். அவசரத்துக்குக் கடன் கேட்க ஒரு வாயிற்படி உடையவர். நகரத்தில் பேருந்தை விட்டு இறங்கிய கணமே அவர் தனி மனிதர். அவருக்கு நாணயம் உண்டு. ஆனால் அதை அறிந்தவர் அங்கே ஒருவரும் இலர். அவருக்குத் தொழில் தெரியும். ஆனால் அதற்குச் சாட்சி கூற ஒருவரும் இலர். நகரத்து வறுமை என்பது பணமின்மை மட்டுமன்று. தன்னை அறிந்த நால்வர் இல்லாமையும் அதன் பெரும் பகுதியாகும். நால்வரை ஒன்றுசேர்ப்பதே கூட்டுறவின் தொழில். ஆதலின் இது நமது காரியமே.

இயக்கம் பிறந்த இடம்

நம் இயக்கத்தின் பிறப்பையே சற்று எண்ணிப் பார்ப்போம். இங்கிலாந்து தேசத்தில் ராச்டேல் என்பது ஓர் ஆலை நகரம். அங்கே 1844ஆம் ஆண்டு 28 தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு பவுன் வீதம் சேர்த்து ஒரு சிறு கடை திறந்தார்கள். அவர்களுள் கம்பளித் துணி நெய்யும் நெசவாளர் பலர். கலப்படமற்ற மாவு, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றைச் சரியான எடையில், ரொக்கத்துக்கு விற்பதே அவர்களது முதல் வேலைத்திட்டம். அரசாங்க மானியம் இல்லை. தனவந்தர் நன்கொடை இல்லை. உலகெங்கும் கிளைத்துப் பரவிய கூட்டுறவு இயக்கத்தின் மூல விதிகள் அந்தக் கடையிலே உருவானவை. நகரத்து ஏழைகள், அதிலும் நெசவாளர்கள், தம் வறுமையைத் தாமே நீக்கிக்கொள்ள எடுத்த முயற்சியே கூட்டுறவு.

ஜெர்மனியிலும் அவ்வாறே. ரைஃபைசன் என்பவர் கிராமத்துக் குடியானவர்களுக்காகக் கடன் சங்கம் கண்டார். அவர் பெயரை நாம் நன்கு அறிவோம். அதே காலத்தில் ஷுல்ஸே-டெலிட்ச் என்பவர் 1850 முதல் நகரத்துக் கைவினைஞருக்கும் சிறு வியாபாரிகளுக்கும் கடன் சங்கங்களை நிறுவினார். இரண்டும் ஒரே கொடியில் மலர்ந்த இரு மலர்கள்.

நமது நாட்டில் நிகழ்ந்தது என்ன? 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அமுலுக்கு வந்த அதே ஆண்டில், அச்சட்டத்தின்படி இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. அது பதிவான ஊர் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரம். அதே 1904இல் சென்னையிலே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கப்பெற்று, இந்நாட்டின் பண்டகசாலை இயக்கத்துக்கு வித்திட்டது. ஆகவே கூட்டுறவு கிராமத்துக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் பிற்காலத்தில் நம்மிடையே வேரூன்றிய ஒன்று. இயக்கத்தின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

தண்டல் கணக்கு

நகரத்து ஏழை சம்பாதிப்பதில்லை என்று எவரும் கூற முடியாது. கிராமத்தைவிட அதிகக் கூலி கிடைக்கிறது என்றுதானே அவர் அங்கே சென்றார்? சம்பாதித்தது கையில் நிற்காமல் போவதற்குக் காரணம் என்ன? அதற்கு ஒரு கணக்குப் பார்ப்போம்.

தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் ஒரு பெண்மணி தண்டலுக்குப் பணம் வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். கையில் பெறுவது 9,000 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாளில் 10,000 ரூபாய் கட்டவேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி, நூற்றுக்குப் பதினொன்றுதானே என்று தோன்றும். ஆனால் மறுநாள் முதலே அவர் அசலைத் திருப்பிவருகிறார் அல்லவா? நூறு நாளிலும் அவர் கையில் நின்ற சராசரித் தொகை ஏறக்குறைய 4,500 ரூபாயே. அதற்கு நூறு நாள் வட்டி 1,000 ரூபாய் என்றால், ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு எண்பதுக்கும் மேலாகிறது. காலையில் வாங்கி மாலையில் திருப்பும் கடனின் கணக்கு இதனினும் கொடியது. கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் வேறு கடன் கிடைக்காத இடத்தில் சட்டம் மட்டும் என்ன செய்யும்?

இனி மறுபக்கக் கணக்கு ஒன்று பார்ப்போம். அதே தெருவில் இருபது குடும்பங்கள் நாளொன்றுக்குப் பத்து ரூபாய் வீதம் ஒரு பொதுப் பெட்டியில் சேர்க்கின்றன. ஒரு நாளைக்கு 200 ரூபாய். நூறு நாளில் 20,000 ரூபாய். தண்டல்காரர் கொடுக்கும் தொகையைப் போன்ற இரண்டு கடன்களை அவர்களே தமக்குள் வழங்கிக்கொள்ளலாம். வட்டியும் அவர்களிடமே தங்கும். சிறு துளி பெருவெள்ளம் என்பது பழமொழி. துளியைத் தாங்கப் பாத்திரம் வேண்டும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை, கூட்டுறவு சொல்லுகிறது. அந்தப் பாத்திரம் யாதெனில், ஒழுங்கான கணக்கும், ஒருவரையொருவர் நம்பும் மனமுமேயாகும்.

ஓரங்கியின் சந்துகள்

மக்களே முன்னின்று நகரத்து வறுமையைக் குறைத்த முயற்சிகளுள் நாம் கருத்தூன்றிப் படிக்கவேண்டியது பாகிஸ்தானத்தில் கராச்சி நகரத்தை ஒட்டிய ஓரங்கி என்னும் குடியிருப்பின் வரலாறு. அங்குக் குடியேறியவருள் பனாரஸ் பட்டு நெய்யும் நெசவாளர்களும் உண்டு. பல லட்சம் மக்கள் வாழ்ந்த அவ்விடத்தில் கழிவுநீர்க் குழாய் கிடையாது. சாக்கடை சந்துகளின் நடுவே ஓடியது. எடுப்புக் கக்கூஸும் உறைகுழியுமே வழக்கம். நோய்க்கும் வைத்தியச் செலவுக்கும் குறைவில்லை.

அங்கே 1980ஆம் ஆண்டு அக்தர் ஹமீது கான் என்னும் பெரியார் பணி தொடங்கினார். அவர் நம் இயக்கத்துக்கு உரியவர் என்பதை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் ஐ.சி.எஸ். உத்தியோகம் பார்த்தவர், 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை நேரில் கண்டபின், 1945இல் அவ்வுத்தியோகத்தைத் துறந்து, கூலித் தொழிலாளியாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் சில காலம் வாழ்ந்தவர். பின்னர்க் கிழக்கு வங்காளத்துக் கொமில்லாவில் கிராம அபிவிருத்திக் கழகத்தின் தலைமையேற்று, குடியானவர்களின் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துப் புகழ்பெற்றார். ஓரங்கிக்கு வந்தபோது அவருக்கு வயது அறுபத்தைந்து.

அவர் முதலில் செய்தது சந்து சந்தாக நடந்து மக்களோடு பேசியதே. அவர்களைத் தடுத்துநிறுத்திய தடைகள் நான்கு என்று கண்டார். முதலாவது மனத்தடை: சாக்கடை போடுவது அரசாங்கத்தின் கடமை, அதுவே வந்து இலவசமாகப் போடும் என்று காத்திருந்தார்கள். இரண்டாவது பொருளாதாரத் தடை: ஒப்பந்தக்காரர் கேட்ட செலவு ஏழைக்கு எட்டவில்லை. மூன்றாவது தொழில்நுட்பத் தடை: மட்டம் பார்க்கவும் குழாய் பதிக்கவும் அவர்களுக்குத் தெரியாது. நான்காவது சமூகத் தடை: ஒருவர் வீட்டுக் கழிவுநீர் அடுத்த வீட்டைக் கடந்தல்லவா செல்லவேண்டும்? ஒரு வீட்டார் தனியே செய்ய முடியாத வேலை அது. சேர்ந்து செய்யவோ அமைப்பு இல்லை.

இந்நான்கையும் அவர்கள் நீக்கிய முறை பாராட்டத்தக்கது. இருபது முதல் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு சந்தே ஓர் அமைப்பாகக் கொள்ளப்பட்டது. சந்து மக்கள் தமக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தெரிந்தெடுத்து, உதவி வேண்டும் என்று கேட்டால்தான் ஓரங்கித் திட்டத்தார் வருவார்கள். வந்து நிலத்தை அளந்து, வரைபடம் தயாரித்து, மதிப்பீடு கொடுப்பார்கள். கருவிகளையும் இரும்பு அச்சுகளையும் இரவல் தருவார்கள். பணத்தை மாத்திரம் தொடமாட்டார்கள். வசூல் செய்வதும், சாமான் வாங்குவதும், கணக்குச் சொல்வதும் சந்து மக்களின் வேலை. ஒப்பந்தக்காரரின் இலாபமும் இடைத்தரகும் நீங்கியமையாலும், எளிய அமைப்பு முறையாலும், ஒரு வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவிலேயே கக்கூஸும் சந்துக் குழாயும் அமைக்க முடிந்தது. தொடக்கத்தில் சில வேலைகள் தரங்குறைந்திருந்தன. காரணத்தை ஆராய்ந்து, காங்கிரீட்டுக் கலவை சேர்க்கும் அளவையும் தண்ணீர் விட்டு ஊறவைக்கும் முறையையும் மக்களுக்குக் கற்பித்தார்கள்.

பொறுப்புகளும் தெளிவாகப் பிரிக்கப்பட்டன. வீட்டுக் கக்கூஸ், சந்துக் குழாய், சந்துகளை இணைக்கும் குழாய் ஆகிய உள்வேலைகள் மக்களைச் சேர்ந்தவை. பெருங்குழாயும் சுத்திகரிப்பு நிலையமுமாகிய வெளிவேலைகள் அரசாங்கத்தைச் சேர்ந்தவை. இவ்வாறு இருபது ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் 6,000க்கு மேற்பட்ட சந்துகளில், 90,000க்கு மேற்பட்ட வீடுகள் தம் சொந்தப் பணத்தில் பாதாளச் சாக்கடை அமைத்துக்கொண்டன. 1987இல் சிறு தொழில்களுக்குக் கடன் வழங்கும் அமைப்பும் அங்கே தனியாக உருவாயிற்று. அக்தர் ஹமீது கான் 1999இல் காலமானார். அவர் பணியைத் தொடர்ந்து, கழிவுநீர்க் கால்வாய்களையும் ஏழைகளின் குடியிருப்புகளையும் வரைபடமாக்கி வந்த பர்வீன் ரஹ்மான் என்னும் அம்மையார் 2013 மார்ச்சு 13ஆம் நாள் கராச்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழைகளின் கையில் நிலத்தின் கணக்கு வருவதை விரும்பாதவர்கள் எங்கும் உண்டு. சரியான கணக்கும் சரியான வரைபடமும் எவ்வளவு வலிமை உடையவை என்பதற்கு அந்த அம்மையாரின் உயிர்த்தியாகமே சான்று.

அகமதாபாத்துப் பெண்கள்

ஓரங்கியின் மக்கள் சங்கம் என்று பதிவு செய்துகொள்ளவில்லை. பதிவு செய்துகொண்டு வென்ற வரலாறும் உண்டு. அகமதாபாத்து ஆலை நகரத்தில் துணி மூட்டை சுமப்போர், கைவண்டி இழுப்போர், பழந்துணி விற்போர், காய்கறி விற்போர் ஆகிய பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். துணித் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பகுதியில் பணியாற்றிய வழக்கறிஞர் இலா பட் அம்மையாரின் முயற்சியால், 1972இல் ‘ஸேவா’ என்னும் அவர்களது தொழிற்சங்கம் தோன்றியது. பாங்குகள் 1969இல் தேசியமயமாகியிருந்தும், கிழிந்த சேலையோடும் கைக்குழந்தையோடும் வந்த பெண்ணுக்குப் பாங்கின் வாயில் திறக்கவில்லை. ‘நாமே ஒரு பாங்கு வைத்தால் என்ன?’ என்று அப்பெண்கள் கேட்டனர். 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு செலுத்தினர். 1974இல் அவர்களது கூட்டுறவுப் பாங்கு பதிவாயிற்று.

எழுதப் படிக்கத் தெரியாதவர் பாங்கு நடத்துவது எங்ஙனம் என்று பதிவு அலுவலகம் தயங்கியது. பொறுப்புக்கு முன்வந்த பெண்கள் தம் பெயரைக் கையெழுத்திடக் கற்றுக்கொண்டு வந்து நின்றார்கள். கையெழுத்திட இயலாத வாடிக்கைக்காரரை அடையாளங்காண, அவரது புகைப்படத்தையே பதிவாக்கும் முறை கண்டார்கள். என் போன்ற இலாகா ஊழியர்கள் இதனை மனத்திற்கொள்ளுதல் நன்று. விதியைக் காட்டி இயலாது என்பது எளிது. விதிக்கு உட்பட்டு இயலும் வழியைத் தேடுவதே கடமை.

நமது சென்னையிலும் இதற்கு இணையான முயற்சி நடந்தது. ஜெயா அருணாசலம் அம்மையார் 1978இல் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கி, தெருவில் வியாபாரம் செய்யும் பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் முறையில் பாங்குக் கடன் பெற்றுத் தந்தார். பிறர் வாயிற்படியில் காத்திருப்பதைக் காட்டிலும் சொந்த வாயிற்படி மேல் என்று கருதி, 1981இல் அவர்களுக்கெனவே கூட்டுறவுச் சங்கமும் அமைக்கப்பட்டது. புனே நகரத்தில் குப்பை பொறுக்கி வாழ்ந்தோர் 1993இல் தொழிற்சங்கமாகத் திரண்டனர். 2008இல் தமது கூட்டுறவு அமைப்பின் மூலம் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, வீடுதோறும் சென்று குப்பை சேகரித்துக் கட்டணம் பெறும் தொழிலாளர் ஆயினர். இகழ்ச்சியாகக் கருதப்பட்ட தொழில் கூட்டுறவின் வழியே மதிப்புப் பெற்றது.

ஆட்சேபங்கள்

இவற்றுக்கெல்லாம் ஆட்சேபம் கூறுவோர் உண்டு. அவர்கள் கூறுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘வசதி படைத்தோர் வாழும் தெருவுக்கு நகராட்சியே குழாய் போடுகிறது. ஏழை மட்டும் ஏன் தன் பணத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்? மக்கள் முயற்சி என்று புகழ்ந்து, அரசாங்கம் தன் கடமையிலிருந்து நழுவ நாமே வழி செய்து கொடுப்பதா?’ என்பது முதல் ஆட்சேபம். கேள்வி சரியானதே. ஓரங்கியிலும் மக்கள் தம் பங்கை முடித்த பின்னர், வெளிவேலை வெகுகாலம் பின்தங்கியது. சந்துகளின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே ஓடைகளில் கலந்தது. இதிலிருந்து நான் கொள்ளும் பாடம் வேறு. எவ்வேலை நம்முடையது, எவ்வேலை அரசாங்கத்தினுடையது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிடவேண்டும். தன் பங்கை முடித்துவிட்டு, கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் மக்களுக்கு, அரசாங்கத்தைக் கேட்கும் உரிமையும் குரலும் மிகுதியாகும். வெறுங்கையோடு காத்திருப்போரின் மனு கோப்பிலே உறங்கும்.

இரு பங்கும் ஒன்றுசேர்ந்த உதாரணம் நமது மாநிலத்திலேயே உண்டு. சென்னையை அடுத்த ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, 1990களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வகுக்கப்பட்டது. வீட்டுக்கு 5,000 ரூபாய் இணைப்பு வைப்புத்தொகையாகப் பொதுமக்கள் முன்கூட்டியே செலுத்தினர். குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாகச் சென்று விளக்கம் கூறின. மிகுதிப் பணத்தைக் கடனாகவும் மானியமாகவும் நகராட்சி திரட்டியது. மக்கள் பணம் முன்னே சென்றது. பொதுப் பணம் பின்னே வந்தது. ஊர் கூடித் தேர் இழுத்தது என்பது இதுவே. ஆனால் 5,000 ரூபாயை முன்னதாகத் தரக்கூடியவர் யார் என்ற கேள்வியும் இங்கே எழுகிறது.

அதுவே இரண்டாவது ஆட்சேபம்: ‘இம்முயற்சிகளில் ஏழைகளுள் சற்று வசதியுள்ளவரே சேருகின்றனர், கடையர் வெளியே நிற்கின்றனர்.’ உண்மைதான். சொந்தக் குடிசை உள்ளவர் சந்துக் குழாய்க்குப் பணம் தருவார். வாடகைக்கு இருப்பவர் நாளை எங்கிருப்போமென்று அறியாதவர், அவர் எவ்வாறு தருவார்? நடைபாதையில் உறங்குபவருக்குச் சந்து ஏது? ஆகவே கூட்டுறவு ஒன்றே நகரத்து வறுமைக்குச் சர்வ நிவாரணி என்று நான் சாதிக்க வரவில்லை. முதியவருக்கும் நோயாளிக்கும் ஆதரவற்றவருக்கும் நேரடி உதவி அளிப்பது அரசாங்கத்தின் கடமை. அக்கடமையைச் சங்கத்தின் தலையில் சுமத்துதல் தவறு. உழைக்கும் கையும், அதற்கு ஓரளவு வருமானமும் உள்ள பெரும் பகுதியினருக்கே சங்கம் கைகொடுக்கும். பங்குத் தொகையை எவ்வளவு குறைவாக வைக்கிறோமோ அவ்வளவுக்கு அப்பகுதி விரியும். பத்து ரூபாய்ப் பங்கினால் அகமதாபாத்துப் பெண்கள் காட்டிய வழி அதுவே.

மூன்றாவது ஆட்சேபம், சங்கங்கள் சிலர் கைக்குள் போய்விடும் என்பது. இதை மறுக்க இயலாது. கொமில்லாவின் அனுபவமே இதற்குச் சாட்சி. அங்கே சிறிய அளவில், நெருங்கிய மேற்பார்வையில் நடந்தபோது சங்கங்கள் சிறந்தன. பின்னர் அம்முறையை நாடெங்கும் விரைந்து பரப்பியபோது, வசதியுள்ள நிலக்காரர்கள் பதவிகளைப் பிடித்தனர். கடன்கள் தவணை தவறின. விரைவும் எண்ணிக்கையுமே குறிக்கோளாகும்போது சங்கம் காகிதத்தில் வளரும், மனத்தில் வளராது. ஒரு சங்கத்தைப் பதிவு செய்வது ஒரு நாள் வேலை. அங்கத்தினரிடையே நம்பிக்கை வளர்ப்பது பல ஆண்டு வேலை. தணிக்கைக்குச் செல்லும் எவரும் இவ்வேறுபாட்டைப் பேரேட்டின் முதல் பக்கங்களிலேயே காணலாம். நடவடிக்கைப் புத்தகத்தில் ஒரே கையெழுத்தில் பன்னிரண்டு மாதத் தீர்மானங்களும் எழுதப்பட்டிருந்தால், அங்கே சங்கம் இல்லை. செயலாளர் ஒருவரே இருக்கிறார்.

நாம் செய்யக்கூடியவை

நெசவாளரும் விளைவிப்போருமாகிய நமக்கு இவற்றால் ஏற்படும் கடமை என்ன? பெரிய திட்டம் எதனையும் நான் கூறப்போவதில்லை. வரும் மகாசபையில் ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளத்தக்க நான்கு காரியங்களை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது, ஒவ்வொரு சங்கமும் வெளியூர் சென்றோர் பதிவேடு ஒன்று வைத்தல் வேண்டும். யார், எந்த ஊருக்கு, என்ன வேலைக்குச் சென்றார் என்பதை ஒரு குயர் நோட்டில் எழுதினாலே போதும். ஒரே ஊரிலிருந்து ஒரே நகரத்துக்குச் சென்ற பத்துக் குடும்பங்கள் ஒன்றையொன்று அறியாமல் வெவ்வேறு தண்டல்காரரிடம் கடன்பட்டிருக்கும் நிலை இன்று உள்ளது. அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துவதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது, அவ்வாறு அறிமுகமான குடும்பங்கள் வாரந்தோறும் சிறு சேமிப்புச் செய்யத் தூண்டுதல். நமது சங்கங்களில் நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வுபெற்ற செயலாளர்கள் பலர் உள்ளனர். அவர்களுள் ஒருவர் மாதம் ஒருநாள் சென்று, ரொக்கப் புத்தகம் எழுதவும் பற்று வரவு காட்டவும் கற்றுக்கொடுத்தால், அது ஆயிரம் ரூபாய் நன்கொடையினும் மேலானது. ஓராண்டு தவறாமல் சேமித்த பின்னரே சிக்கன நாணயச் சங்கமாகப் பதிவு செய்வதைப் பற்றி எண்ண வேண்டும். நமது சங்கங்களின் நடவடிக்கை எல்லையைத் துணைவிதிகள் வரையறுக்கின்றன. ஆகையால் நகரத்தில் கிளை திறப்பது நமக்கு எளிதன்று. அங்குள்ளவர்கள் தம் சொந்தச் சங்கத்தை அமைத்துக்கொள்ள உதவுவதே சட்டத்துக்கும் அவர்கள் தன்மானத்துக்கும் பொருந்தும் வழி.

மூன்றாவது, வியாபாரத் தொடர்பு. விளைவிப்போர் விற்கும் விலைக்கும் நகரத்து ஏழை வாங்கும் விலைக்கும் இடையே எத்தனை கைகள் மாறுகின்றன என்பதை நாம் அறிவோம். நாற்பது குடும்பங்கள் சேர்ந்து வாரத்துக்கு ஒருமுறை காய்கறியும் பருப்பும் மொத்தமாகக் கேட்டால், நமது விற்பனைச் சங்கம் நேரே அனுப்பலாம். வேட்டி, லுங்கி, துண்டு, போர்வை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். இதில் நகரத்து ஏழைக்கு மட்டுமன்றி நமக்கும் ஆதாயம் உண்டு. ஆனால் ராச்டேல் முன்னோடிகளின் ரொக்க விதியை மட்டும் தளர்த்தலாகாது. கடனுக்குக் கொடுத்து மூடிய பண்டகசாலைகளின் கதை நமக்குப் புதிதன்று.

நான்காவது, மானியத்தை முதலில் தேடாதிருத்தல். மானியத்துக்காகச் சேர்ந்த கூட்டம் மானியம் முடிந்ததும் கலையும். தம் பணம் பத்து ரூபாயாவது உள்ளே கிடக்கும் இடத்தில், அங்கத்தினர் கணக்குக் கேட்க வருவார். கணக்குக் கேட்கும் அங்கத்தினர் இருக்கும்வரை சங்கத்துக்குக் கேடில்லை. தன் கால் ஊன்றி நிற்கும் சங்கத்துக்கு அரசாங்க உதவி வந்தால் அது ஊட்டமாகும். நிற்கக் காலற்ற சங்கத்துக்கு வந்தால் அது கட்டைக்கோலாகும்.

ஐக்கிய நாடுகள் சபை 2012ஆம் ஆண்டைச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. 2025ஐயும் மறுமுறை அவ்வாறே அறிவித்தது. ஆண்டுகள் வரும், போகும்; கொடியேற்றமும் கூட்டமும் நடக்கும். அவற்றால் மட்டும் ஓர் ஏழைக் குடும்பத்தின் கடனும் தீராது. நம் ஊரிலிருந்து சென்று, நகரத்தின் ஒரு மூலையில் நாள்வட்டிக்கு உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் பெயரையேனும் நமது சங்கத்தின் நோட்டில் எழுதி, அவர்கள் நலத்தை விசாரிக்க ஒருவரை அனுப்புவோமாயின், அன்று இயக்கம் ஓரடி முன்னேறியதாகும். நமது முன்னோர் ஆளுக்கு ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் சேர்த்துத்தான் இன்று நாம் அமர்ந்து மகாசபை நடத்தும் கட்டடங்களை எழுப்பினார்கள். அக்கட்டடத்தின் நிழல் எதுவரை நீளவேண்டும் என்பதை அங்கத்தினர்களே ஆலோசித்து முடிவு செய்வார்களாக.